அரை மணி நேரம் கொடுங்கள்: சங்கத்தின் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கல்விக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் நீங்கள் நடத்திய கல்லூரி வழிகாட்டி நாளில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லி ஒன்றே முக்காலுக்குத்தான் விட்டீர்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, சாம்பார் சாதம் நன்றாகவே இருந்தது. நான் எழுத வந்தது வேறு விஷயம்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். மகன் பன்னிரண்டாவது படிக்கிறான், பள்ளி அணியில் பாஸ்கெட்பால் ஆடுகிறான், கான்சாஸில் ஒரு இரண்டு வருடக் கல்லூரியின் கோச் வாராவாரம் கூப்பிடுகிறார், அனுப்பலாமா என்று கேட்டார். மேடையில் இருந்தவர் மைக்கை வாங்கி, “கம்யூனிட்டி காலேஜுக்காங்க நாம இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றார். அரங்கம் சிரித்தது. அந்த அம்மாவும் கூடச் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்த கேள்வி எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணுக்குப் போய்விட்டது.

அன்றிரவே உங்களுக்கு எழுதினேன். அடுத்த முறை ஜூகோ என்கிற இந்த இரண்டு வருடக் கல்லூரிகளைப் பற்றி அரை மணி நேரம் ஒதுக்குங்கள், நானே பேசுகிறேன் என்று கேட்டேன். பெரும்பாலோருக்கு இதில் ஆர்வம் இருக்காது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. சரி, மேடை கிடைக்காவிட்டால் போகட்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

என் மகள் மேற்கு டெக்சஸில் ஒரு ஜூனியர் கல்லூரியில் இரண்டு வருடம் பாஸ்கெட்பால் அணியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவளாக ஆடியவள். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். நான் கோவில்பட்டிக்காரன். ஹாக்கிக்குப் பேர்போன ஊர். எங்கள் தெருவில் ஹாக்கி மட்டையைப் பிடித்தே கல்லூரி சீட்டும் அப்புறம் ரயில்வே வேலையும் வாங்கிய அண்ணன்கள் இருந்தார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தான் என்றால் ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள், இனிப்பு வாங்கிக் கொடுப்பார்கள். அதே நாம் கடல் தாண்டி வந்தபின், ஆட்டத்தால் படிப்புச் செலவு மிச்சமாகும் ஒரு வழியைக் கேட்டால் சிரிக்கிறோம். இது எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடிப்படையிலிருந்து சொல்கிறேன். ஜூகோ என்பது ஜூனியர் காலேஜ் என்பதன் செல்லப்பெயர். இந்தக் கல்லூரிகளின் விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பு என்.ஜே.சி.ஏ.ஏ. 1938இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் தொடங்கியது, இன்று 500க்கு மேற்பட்ட கல்லூரிகள் இதில் இருக்கின்றன. ஆண்கள் முதல் பிரிவின் தேசியப் போட்டி 1949இலிருந்து கான்சாஸின் ஹட்சின்சனில் நடக்கிறது. மூன்று பிரிவுகள் உண்டு. முதல் பிரிவுக் கல்லூரி கட்டணம், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் கொடுக்கலாம். இரண்டாம் பிரிவு கட்டணத்தையும் புத்தகத்தையும் கொடுக்கலாம், ஹாஸ்டலும் சாப்பாடும் நம் கையிலிருந்து. மூன்றாம் பிரிவில் ஆட்டத்துக்காக ஒரு காசும் கிடையாது. நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் டல்லாஸ் கல்லூரியின் வளாகங்கள் இந்த மூன்றாம் பிரிவுதான். ஆகவே “ஜூகோவில் எடுத்துக்கொண்டார்கள்” என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது எந்தப் பிரிவு என்பது.

கலிபோர்னியாவில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் குழம்பிவிடக் கூடாது. அங்கே கணக்கே வேறு. அந்த மாநிலத்து கம்யூனிட்டி கல்லூரிகள் தனி அமைப்பின் கீழ் ஆடுகின்றன, ஆட்டத்துக்கு ஸ்காலர்ஷிப் இல்லை. ஆனால் உள்ளூர்வாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். வீட்டிலிருந்தே போய்வரும் பிள்ளைக்கு அதுவே ஸ்காலர்ஷிப் மாதிரி.

என் மகள் கதைக்கு வருகிறேன். பதினொன்றாவது முடியும்வரை நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். நான்கு வருடக் கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவு, இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். கோடையில் ஏ.ஏ.யூ. என்ற பள்ளிக்கு வெளியே நடக்கும் கிளப் போட்டிகளுக்காக ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்று வண்டி ஓட்டினேன். கோச்சுகள் வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பிறகுதான் ஏனென்று விளங்கியது. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் இணையப் பட்டியல் வந்தது. 2021இல் ஒரு வருடம் ஆடாமல் வெளியே உட்காராமலே கல்லூரி மாறலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதன்பின் ஒரு கோச் ஏன் பதினேழு வயதுப் பெண்ணை எடுத்து வளர்க்க வேண்டும்? இரண்டு வருடம் கல்லூரியில் ஆடிப் பழகிய இருபது வயதுக்காரி போர்ட்டலில் தயாராக இருக்கிறாள். 2025இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பின் அதில் சேர்ந்த கல்லூரிகளின் பாஸ்கெட்பால் அணியில் 15 பேருக்குமேல் இருக்கவும் முடியாது. பள்ளியிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு வாசல் குறுகிவிட்டது. ஜூகோ வாசல் அப்படியேதான் இருக்கிறது.

இந்த விவரம் தெரிவதற்குள் ஒரு ‘ரிக்ரூட்டிங் சர்வீஸ்’ நிறுவனத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர் கட்டியிருந்தேன். அவர்கள் செய்தது, மகளின் படத்தோடு ஒரு பக்கத்தைத் திறந்து, நூற்றுக்கணக்கான கோச்சுகளுக்கு ஒரே மாதிரி மின்னஞ்சலைத் தட்டிவிட்டது. ஒரு கோச் கூடப் பதில் போடவில்லை. உங்கள் வழிகாட்டி நாளில் யாராவது ஒருவர் இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அந்தப் பணம் பாக்கெட்டில் இருந்திருக்கும். (ஆமாம், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.)

பலன் தந்தது மகள் தானே உட்கார்ந்து செய்த வேலைதான். ஹட்ல் என்ற ஆட்ட வீடியோ தளத்தில் இருந்த ஆட்டங்களிலிருந்து மூன்று நிமிட வீடியோ ஒன்றை வெட்டினாள். முதலில் நான் பார்த்தபோது எல்லாம் மூன்று புள்ளி ஷாட்டுகள். அவளுடைய பள்ளி கோச் பார்த்துவிட்டு, “ஷாட் எல்லாரும் போடுவார்கள், பந்தை யாரும் பிடுங்க முடியாமல் நீ கொண்டுபோவதைக் காட்டு” என்றார். மாற்றினாள். தொடக்கத்தில் ஜெர்சி எண், உயரம், ஜி.பி.ஏ. (படிப்பின் சராசரி மதிப்பெண்), கோச்சின் தொலைபேசி எண். கூடவே இரண்டு முழு ஆட்டங்கள், வெட்டாமல், அவர்கள் தோற்ற ஆட்டம் ஒன்றும் சேர்த்து. வெட்டிய வீடியோவைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் அடுத்து முழு ஆட்டத்தைத்தான் கேட்பார்கள். தோற்கும்போது முகம் எப்படி இருக்கிறது, ஆட்டக்காரியை வெளியே எடுத்தால் பெஞ்சில் எப்படி உட்காருகிறாள் என்று பார்ப்பார்களாம்.

அப்புறம் கோச் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல். அந்த அணியில் அடுத்த வருடம் எந்த கார்டுகள் இரண்டாம் ஆண்டு முடித்துப் போகிறார்கள் என்று அணியின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, அதைக் குறிப்பிட்டே எழுதினாள். ஜூகோவின் நல்ல விஷயம் இதுதான்: இரண்டு வருடத்தில் எல்லோரும் போய்விடுவார்கள், எனவே வருடா வருடம் பாதி அணி காலி. ஏப்ரல், மே மாதத்தில்கூட இடம் இருக்கும். நான்கு வருடக் கல்லூரியில் அந்த நேரத்தில் கதவைத் தட்டினால் காவலாளிகூட எட்டிப்பார்க்க மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. மனைவி கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். மகளின் தொலைபேசி அடித்தது, துணை கோச். கிரைண்டர் சத்தத்தில் கேட்காமல் அவள் கராஜுக்கு ஓடினாள். இருபது நிமிடம் கழித்து வந்து, “வந்து ஆடிக் காட்டச் சொல்றாங்கப்பா” என்றாள். கல்லூரி செலவிலேயே ஒரு முறை அழைத்துப் பார்க்க விதி இடம் தருகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்களிடம் பெட்ரோல் உங்கள் செலவு என்று சொல்லிவிட்டார்கள்.

ஐ-20 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் நாலைந்து மணி நேரம். பாதிக்குமேல் எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள் தலையாட்டிக்கொண்டே வரும். அதற்கப்புறம் பருத்திக்காடு. வெடித்த பருத்தி கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக நின்றது. மண் மட்டும் சிவப்பு, நம் கரிசல் இல்லை. மற்றபடி ஊருக்கு வந்த மாதிரியே இருந்தது எனக்கு. மகளுக்கு, வால்மார்ட் ஒன்றுதான் இருக்கிறது என்று கவலை.

ஜிம்மில் தற்போதைய ஆட்டக்காரிகளோடு ஐந்துக்கு ஐந்து ஆடவிட்டார்கள். முதல் பத்து நிமிடம் இவளை அவர்கள் துவைத்து எடுத்தார்கள். இருபது வயதுப் பெண்களின் தோள்பலம் வேறு. பிறகு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தாள். தலைமை கோச் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி ஆட்டத்தைப் பற்றியது அல்ல. “டிரான்ஸ்கிரிப்ட் கொண்டு வந்தீர்களா?” என்றார், மதிப்பெண் பட்டியலைத்தான். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

கேட்பீர்கள் என்று தெரியும்: பொம்பளப் பிள்ளையை அத்துவானக் காட்டில் தனியாகவா? என் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து அதையேதான் கேட்டார். ஹாஸ்டலைப் போய்ப் பார்த்தேன். அறைக்கு இருவர், மாடிக்கு ஒரு வார்டன் மாதிரி அம்மா, இரவு ஆட்டம் முடிந்து பஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் துணை கோச் கூடவே இறங்குவார். அணி என்பது பன்னிரண்டு அக்கா தங்கைகள். ஆஸ்டினில் அல்லது ஹூஸ்டனில் ஐம்பதாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில் பிள்ளையைத் தனியே விட யாரும் யோசிப்பதில்லை, இதற்கு மட்டும் யோசிக்கிறோம். உண்மையான கஷ்டம் சாப்பாடு. சைவக்காரி. முதல் செமஸ்டர் முழுக்க சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியும் பீன்ஸும்தான். மனைவி பருப்புப்பொடி டப்பா டப்பாவாக அனுப்பினார், அதை அணியில் பாதிப் பேர் சோற்றில் போட்டுத் தின்று தீர்த்தார்கள்.

இப்போது படிவம். இந்த மடலில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். என்.ஜே.சி.ஏ.ஏ.வின் ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’, அதாவது இந்தக் கல்லூரியில் ஆடுகிறேன் என்று கையெழுத்துப் போடும் ஒப்பந்தம், ஒரு கல்வியாண்டுக்கு மட்டும். இரண்டாம் வருடத்துக்கு மறுபடி கையெழுத்தாக வேண்டும். கட்டணம், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு என்று எது எது தரப்படும் என்பதை அதில் குறிப்பார்கள். எங்களுக்கு வந்த முதல் படிவத்தில் தங்குமிடம் விட்டுப்போயிருந்தது. தொலைபேசியில் “ஃபுல் ரைடு”, எல்லாச் செலவும் எங்களுடையது என்றுதான் சொல்லியிருந்தார்கள். மகள் ஏற்கெனவே பேனாவை எடுத்துவிட்டாள், நான் கையைப் பிடித்தேன். கூப்பிட்டுக் கேட்டபோது ஆபீஸில் தவறிவிட்டது என்று புதிதாக அனுப்பினார்கள். தவறியதாகவே இருக்கட்டும். கையெழுத்துப் போட்டபின் வேறு என்.ஜே.சி.ஏ.ஏ. கல்லூரிக்குப் போக, இவர்கள் விடுவித்தால்தான் முடியும். கோச் வாயால் சொன்னதற்கு மதிப்பு இல்லை, காகிதத்தில் இருப்பதுதான் கணக்கு.

பணம் என்று வரும்போது நம் சமூகத்துக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு, இதை நம்மைவிட்டால் யாரும் பேச மாட்டார்கள். நாங்கள் கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்கும் குடும்பம், மகள் எச்-4, அதாவது வேலை விசாவில் இருப்பவரின் பிள்ளைக்குக் கொடுக்கும் விசா. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகளுக்கு வருமானம் குறைவாக இருந்தால் வருடத்துக்கு 7,395 டாலர் வரை பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை கிடைக்கும். எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் எந்த உதவியும் இல்லை. பகுதிநேர வேலைக்கும் போக முடியாது. ஆனால் கல்லூரி தானே கொடுக்கும் ஆட்ட ஸ்காலர்ஷிப்பை வாங்க எச்-4 தடையில்லை. எங்கள் வீட்டில் பணம் வந்த ஒரே வாசல் அதுதான். இருபத்தொரு வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். இரண்டாம் ஆண்டு முடித்துக் கல்லூரி மாறுகிற நேரமும் இந்த வயதும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கும். ஒரு வருடம் முன்னாலேயே வக்கீலைப் பாருங்கள்.

படிப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜூகோவில் இரண்டாம் சீசன் ஆட 2.0 ஜி.பி.ஏ. இருந்தால் போதும். அங்கிருந்து என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக்கு மாற, மாற்றிக்கொள்ளத்தக்க பாடங்களில் 2.5 வேண்டும். இந்த அரைப் புள்ளியில் விழுந்து வீட்டுக்குப் போன பெண்களை மகளின் அணியிலேயே பார்த்தேன். அவளைவிட நன்றாக ஆடியவர்கள். சீசன் நடக்கும்வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பந்து கூடையில் விழுந்துகொண்டிருந்தது, மார்ச்சில் சீசன் முடிந்ததும்தான் தெரிந்தது. பழைய கதை ஒன்றும் நம் பக்கத்திலேயே உண்டு. பின்னாளில் என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீகில் பெயர் வாங்கிய டென்னிஸ் ராட்மன் டல்லாஸுக்கு வடக்கே கெய்ன்ஸ்வில்லில் ஜூனியர் கல்லூரியில் ஆட்டத்துக்குப் பதின்மூன்று ரீபவுண்டுகள் எடுத்துக்கொண்டிருந்தார். படிப்பில் தேறாமல் ஒரே செமஸ்டரில் வெளியேறினார். அவருக்கு ஓக்லஹாமாவில் இன்னொரு கதவு திறந்தது.

அதனால் பாட அட்டவணையை நீங்களே வாங்கிப் பாருங்கள். ஆட்டக்காரர்களை எளிதான வகுப்புகளாக நிரப்பிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் 42 கிரெடிட் கோர் பாடங்களை, அதாவது எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்களை முழுவதுமாக முடித்தால் அது வேறெந்த டெக்சஸ் அரசுக் கல்லூரிக்கும் அப்படியே போகும். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். கால்குலஸை ஜூகோவில் எடுத்தாள், இருபது பேர் வகுப்பு, வாத்தியாருக்குப் பெயர் தெரியும். அதே கால்குலஸை இருநூறு பேர் உட்காரும் மண்டபத்தில் எடுத்த என் அண்ணன் மகன் வாத்தியாரைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை.

இன்னொன்று, கடிகாரம். எங்கே முழுநேரம் சேர்ந்தாலும், ஜூகோவே ஆனாலும், என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் ஆடுவதற்கான ஐந்து வருடக் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கும் என்பதுதான் நாங்கள் சேர்ந்தபோது இருந்த விதி. ஜூகோ வருடங்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று டியாகோ பாவியா என்ற ஃபுட்பால்காரர் வழக்குப் போட்டு 2024 டிசம்பரில் தற்காலிகமாக ஜெயித்தார். அதையொட்டி என்.சி.ஏ.ஏ.யும் அவரைப் போன்றவர்களுக்கு 2025-26க்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தது. இப்படி வருடத்துக்கு வருடம் மாறுகிற விஷயத்தில் வாட்ஸப் குழுவை நம்பாதீர்கள். எந்தக் கல்லூரிக்குப் போகப் போகிறீர்களோ அங்கே விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பெரிய பெயர்கள் வேண்டுமென்றால் அதற்கும் குறைவில்லை. ஜிம்மி பட்லரைப் பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரிகள் பெரிதாகச் சீந்தவில்லை. நமக்குக் கிழக்கே இரண்டு மணி நேரத்தில் இருக்கும் டைலர் ஜூனியர் கல்லூரியில் ஒரு வருடம் ஆடி, மில்வாக்கியின் மார்க்வெட் பல்கலைக்கழகம் போய், 2011இல் என்.பி.ஏ.வுக்கு எடுக்கப்பட்டார். பெண்கள் பாஸ்கெட்பால் நட்சத்திரம் ஷெரில் ஸ்வூப்ஸ் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன சில நாளிலேயே வீட்டு நினைப்பில் திரும்பிவந்து, லெவல்லாண்டில் சவுத் ப்ளெயின்ஸ் கல்லூரியில் சேர்ந்தவர். அங்கிருந்து டெக்சஸ் டெக் போய் 1993 என்.சி.ஏ.ஏ. பெண்கள் இறுதியாட்டத்தில் தனி ஆளாக 47 புள்ளிகள் அடித்தார். ஆனால் இந்தப் பெயர்களைக் காட்டி யாரையும் அனுப்பச் சொல்ல மாட்டேன். என் மகள் எந்த லீகுக்கும் போகப் போவதில்லை. இப்போது என்.சி.ஏ.ஏ. இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு சிவில் இன்ஜினியரிங், பெஞ்சிலிருந்து எழுந்து ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆடுகிறாள், பாதிக் கட்டணம் ஸ்காலர்ஷிப். முதல் இரண்டு வருடத்துக்கு நாங்கள் கொடுத்தது பெட்ரோலும் பருப்புப்பொடியும்.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லவில்லை. எம்.ஐ.டி.க்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இதை யாரும் நீட்டப் போவதில்லை. படிப்பில் மனம் இல்லாத பிள்ளையைப் பந்தை நம்பி அனுப்பினால் அந்த 2.5 பள்ளத்தில்தான் விழும். நடுவில் இருக்கிறவர்கள் நம் மண்டபத்தில் நிறைய. ஆட்டத்தை விட மனசில்லாத, வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கட்டணம் கட்ட வேண்டிய குடும்பங்கள். அவர்கள் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்கவே கூச்சப்படுகிறவர்கள்.

அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அம்மாவை வண்டி நிறுத்துமிடத்தில் தேடிப் பிடித்தேன். “விடுங்கண்ணா, தெரியாம கேட்டுட்டேன்” என்றார். அவருடைய காரின் பானெட்மேல் படிவத்தை விரித்து, எது எது பார்க்க வேண்டும் என்று பேனாவால் வட்டமிட்டுக் காட்டினேன். மகன் பின் சீட்டில் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தவன், பாதியில் அதைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து நின்றான். வருகிற சனிக்கிழமை கான்சாஸ் போகிறார்கள்.

அடுத்த வழிகாட்டி நாள் ஜனவரியில் என்று உங்கள் அறிவிப்பில் பார்த்தேன். மாதிரிப் படிவம், மகளின் பழைய வீடியோ இரண்டும் நான் கொண்டுவருகிறேன், மகளும் வருகிறேன் என்கிறாள். புரொஜெக்டரும் அரை மணி நேரமும் மட்டும் நீங்கள் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையிலிருந்து, ஒரு ஜூகோ அப்பா